உட்கார்ந்ததற்கு ஒரு வழக்கு

ஜவுளிக்கடையில் சேலை விற்பவள் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். குதிகால் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நிற்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஐந்து நிமிடம்

காரைக்காலில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கிளை. பட்டுப் பிரிவில் நானும் நர்கிஸும். அவளுக்கு ஏழு மாதம். ஒரு மத்தியானம் கண் இருட்டி என் தோளைப் பிடித்தாள். சேலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். கேமராவில் பார்த்துவிட்டு வந்த மேனேஜர், வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது கடை விதி, நாளையிலிருந்து இரண்டு பேரும் வரவேண்டாம் என்றார். நர்கிஸ் தட்டுத்தடுமாறி எழுந்து கேட்டாள்:

"உக்காந்தது நான்தானே சார், அக்காவை ஏன் அனுப்புறீங்க?"

அமுதா

திரும்ப வேலை கேட்டுப் புதுச்சேரித் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். நடந்ததைப் பக்கத்துக் கவுண்டரில் நின்று பார்த்தவள் அமுதா. சாட்சி சொல்ல வருவாளா என்று கேட்கக் குரும்பகரத்துக்கு அவள் வீடு தேடிப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். தலை நிமிரவில்லை.

"வந்தா எனக்கும் வேலை போயிடும்க்கா. ஆனா, பாக்கலேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கோபம்தான் வந்தது. ஆனாலும் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

மண்டபத்தூர் சாட்சி

நர்கிஸுக்குக் கண் இருட்டிய அன்று கடைக்கு மகள் நிச்சயத்துக்குப் பட்டு எடுக்க வந்திருந்தவர், மண்டபத்தூரில் மீன் விற்கும் செல்வி அக்கா. ஊருக்குள் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். புதுச்சேரி வரை வர வேண்டும், ஒருநாள் வியாபாரம் கெடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுத்தவளே நான்தான். எத்தனை மணி பஸ்ஸு, அதைச் சொல்லு."

கூண்டில்

விசாரணைக்கு நர்கிஸ் கைக்குழந்தையோடு வந்தாள். "விதி தெரிஞ்சும் ஏன் உட்கார்ந்தீங்க?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். பதில் சொல்வதற்குள் குழந்தை வீறிட்டது. நின்றபடியே தட்டிக்கொடுத்தாள். அடங்கவில்லை. நீதிபதி பேனாவை வைத்தார்.

"அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க. அப்புறம் கேள்வி கேட்கலாம்."

கடை வாசலில்

எங்களை நீக்கியது தவறு, திரும்ப வேலை தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முதல் நாள் கடை வாசலில் நர்கிஸுக்குக் கால் எழவில்லை. எனக்கும்தான், காட்டிக்கொள்ளாமல் அவள் கையைப் பிடித்தேன்.

"ஜெயிச்சவங்க இப்படியா நடுங்குவாங்க, அக்கா?"

ஆக, இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்து நாங்கள் வாங்கிக்கொண்டு வந்தது, மறுபடியும் அதே இடத்தில் நிற்கும் உரிமை.