கம்பி பத்தல

பக்கத்து வீட்டு ஆட்டின் கொம்பில் கிழிந்த நண்டு வலையைச் சுற்றிக்கொண்டிருந்தார் பச்சைமுத்து. ஆடு அந்த வலையைத் தின்னப் பார்த்தது.

"இன்னாண்ணா, ஆட்டையும் வுட மாட்டியா?" என்றாள் ஆட்டுக்காரி காந்தா.

"எம்பொண்ணு போற வழில கொம்ப நீட்டினு நிக்குதே, அத நீ கேக்க மாட்டியா?"

பழவேற்காட்டு ஏரியில் நண்டு பிடிப்பது அவர் தொழில். மிச்ச நேரமெல்லாம் ஊரில் கூராகக் கண்டதற்கெல்லாம் பழைய வலையால் மெத்தை கட்டுவார். மகள் மஞ்சுவுக்குப் பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோய். தும்மியே விலா முறிந்திருக்கிறது. அதனால் அவர் வீட்டில் கட்டில் கால், கதவு முனை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வலை உடுத்தியிருக்கும். சின்ன வயதில் அவள் தொடை எலும்புக்குள் டாக்டர்கள் ஒரு கம்பியைச் செருகினார்கள். அதற்கு மட்டும் வலை சுற்ற முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மஞ்சுவின் இடுப்புக்குக் கீழே, தோலுக்கடியில், கூராக ஏதோ முட்டியது. "கெளுத்தி முள்ளுதான்," என்று பச்சைமுத்து முள்வாங்கியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஏரிலயே எறங்கல நைனா. கெளுத்தி என்னாண்ட பஸ்ஸு புட்ச்சா வந்துச்சு?"

சென்னையில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். எலும்பு வளர்ந்துவிட்டது, கம்பி வளரவில்லை. மேலே நழுவி வந்து குத்துகிறது என்றார். அதை எடுத்துவிட்டு, மடக்குக்குடைக் கம்பியைப் போல எலும்போடு நீளும் கம்பியை வைக்க வேண்டும்; அதுவும் சில நேரம் சிக்கிக்கொள்ளும் என்றார். பச்சைமுத்துவின் காதில் முதல் பாதிதான் ஏறியது. ஊர் திரும்பி வீடுவீடாக லட்டு கொடுத்தார். "கம்பி பத்தல. அம்மாம் வளந்துகீறா."

லட்டு தீர்ந்த பிறகு மறுபாதியும் ஏறியது. மனிதர் பயந்துபோனார். காந்தாவின் மடக்குக்குடையை இரவல் வாங்கி, கம்பியை இழுப்பதும் அமுக்குவதுமாகவே இருந்தார். எப்போதாவது சிக்கும். அன்று முழுக்கச் சோறு இறங்காது.

ஆபரேஷனுக்கும் குடையோடுதான் போனார். தள்ளுவண்டியில் படுத்தபடி மஞ்சு அதைப் பார்த்தாள்.

"அது ஒடஞ்சா காந்தாத்த உன்ன வுடாது நைனா."

"ஒடையாது. நீ போய்னு வா."

கதவு மூடியது. பச்சைமுத்து குடைக்கம்பியை மெதுவாக, முழு நீளத்துக்கும் இழுத்தார். சிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வலையை எடுத்து அதன் முனையில் சுற்றத் தொடங்கினார்.