அறளை என்று சிரித்த நாட்கள்

1994ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கோவில் முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். என் கணவர் எமிலியானுஸ், பக்கத்தில் நின்ற யோசப்பின் என்ற பெண்ணைப் பார்த்து, "பிள்ளை, நீர் எந்த ஊர்?" என்று கேட்டார்.

"பேசாலை, அண்ணை."

"அட, பேசாலையோ! நான் அங்கை பெருநாளுக்கு வந்திருக்கிறன்."

சற்று நேரத்தில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். பிறகும் கேட்டார். தேநீர் ஆறுவதற்குள் எட்டுத்தரம். எட்டுத்தரமும் யோசப்பின் இப்போதுதான் காதில் விழுந்தது மாதிரி அவர் பக்கம் திரும்பி, "பேசாலை, அண்ணை" என்றாள். ஒருவருக்கும் கண் காட்டவில்லை. எண்ணிக்கொண்டு நின்றது நான் மட்டும்தான்.

யோசப்பின் இத்தாலிக்கு, நாங்கள் இருந்த பலேர்மோவுக்கு வந்தது எண்பத்தொன்பதில். போர்கோ வெக்கியோவில் ஓர் அறை எடுத்து இருந்தாள். கல்யாணம் முடிக்கவில்லை. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் வயதான இத்தாலியச் சின்யோரா ஒருவரைப் பார்க்கிற வேலை. அந்த அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவராம். இப்போது கரண்டியைக் கையில் கொடுத்தால் அது எதற்கு என்று தெரியாது. குளிக்க வார்ப்பது, ஊட்டுவது, கதவைத் திறந்துகொண்டு போனால் தேடிப் பிடிப்பது எல்லாம் யோசப்பின்தான்.

என் கணவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மாடிப்படி கழுவுகிற வேலை செய்தார். முதலாம் மாடியை மூன்றுதரம் கழுவுகிறார், இரண்டாம் மாடிக்குப் போவதே இல்லை என்று வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். குடிக்கிறார் என்று சிலர் கதைத்தார்கள், செய்வினை என்றும் கதைத்தார்கள். நான் நேர்த்தி வைத்தேன், மெழுகுதிரி கொளுத்தினேன். வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே விட்டு வீட்டை வெளியால் பூட்டிக்கொண்டு போனேன். மகள் சுஜானிக்குக் கத்தானியாவில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். தகப்பனுக்கு விசர் என்று கதை போனால் யார் வருவார்கள்?

ஒரு புதன்கிழமை நான் வேலை முடித்து பஸ்ஸில் நாங்கள் இருந்த பிரான்காச்சோவுக்கு வந்து படியேறினால், எங்கள் கதவடியில் யோசப்பின் நிலத்தில் இருக்கிறாள். உள்ளே இவர் கதவைத் தட்டுகிறார். எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், கதவுக்கு வெளியே இருந்தபடி இரண்டு மணித்தியாலமாக அவரோடு கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"மலரக்கா, காஸ் அடுப்பு உள்ளுக்கைதானே இருக்கு?"

"அதைப் பூட்டிட்டுத்தான் போறனான்."

"அண்ணையையும் பூட்டிட்டு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உமக்கென்ன, பிள்ளையே குட்டியே? எனக்கு வீட்டிலை குமர் ஒண்டு நிக்குது."

"ஓம் அக்கா, எனக்கு இருக்கிறது சின்யோரா மட்டும்தான். அவவின்ரை டொத்தோரே எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லட்டே?"

சொன்னாள். டாக்டர் சொன்ன அந்த வருத்தத்தின் கதையை நான் அடுப்படியில் நின்று கேட்டேன். எழும்பிப் போகிறபோது, "ஞாயிறு பூசை முடிய இதைச் சனத்துக்குச் சொல்லப்போறன். உங்கட பேர் என்ரை வாயிலை வராது" என்றாள். நான் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கேட்கவில்லை.

ஞாயிறன்று பீடத்துக்கு முன்னால் ஒரு துண்டுக் கடதாசியோடு நின்றாள். அதைப் பார்த்து வாசித்தாள்.

"நான் பார்க்கிற சின்யோராவுக்கு அல்சைமர் எண்டு ஒரு வருத்தம். மூளை கொஞ்சம் கொஞ்சமாப் பழுதாப் போறது. வயது போன ஆக்களுக்குத்தான் கூட வரும், ஆனா அறுபதுக்கு முன்னமும் வரலாமாம். மாத்த மருந்து இல்லை. எண்டாலும் டொத்தோரேயிட்டைக் கூட்டிக்கொண்டு போனால்தான் இதுவோ வேறை ஏதுமோ எண்டு தெரியும். ஆண்டவர் குடுத்த தண்டனை எண்டு நினைக்காதையுங்கோ."

பின்வரிசை வாங்கிலிருந்து இராஜதுரை குரல் கொடுத்தான். எங்கள் ஆட்களுக்குள் பகிடிக்குப் பேர்போனவன்.

"யோசப்பின் அக்கா, உதைத்தான் எங்கட ஊரிலை வயது போய் அறளை பேந்தது எண்டு சொல்லுறது. அதுக்கேன் வெள்ளைக்காரப் பேர்?"

கோவில் முழுக்கச் சிரிப்பு.

"ஓம் தம்பி, அதேதான்" என்றாள் யோசப்பின். "நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறம். இஞ்சை டொத்தோரே மற்றப் பேரைச் சொல்லேக்கை, சின்யோரா வீட்டிலை ஒருத்தரும் சிரிக்கேல்லை."

சிரிப்பு நின்றது. எனக்குப் பக்கத்தில் இவர் தன் சேட்டுப் பொத்தானைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். நான் மாதாவை மன்றாடிக்கொண்டு எழும்பினேன்.

"எங்கட வீட்டிலை இவருக்கும் உந்த வருத்தம்தான் போலை. நான் பூட்டி வைச்சிட்டு வேலைக்குப் போறன்."

யோசப்பின் வந்து என்னை இருத்தினாள்.

வெளியில் இராஜதுரை தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மலரக்கா, செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை பின்னேரந்தான். காலமை வந்து அண்ணையோட கடதாசி விளையாடுறன். பூட்டாதையுங்கோ." வந்தான். முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடினார்கள். "அண்ணை துரும்பை மறக்கிறார், ஆனாலும் அவர்தான் வெல்லுறார். எனக்குத்தான் அறளை" என்று தன்னையே பகிடி பண்ணுவான். மற்ற நாட்களை இன்னும் மூன்று வீட்டார் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கத்தானியாச் சம்பந்தம் நின்றுபோனது. பொய் சொல்லமாட்டேன், அன்று யோசப்பினோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவள் பொறுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சோதனைகள் எடுக்க ஒவ்வொரு முறையும் என்னோடு வந்து, டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னாள். கடைசியில் அதே வருத்தம்தான் என்று தெரிந்தது. கோவிலில் வாசித்ததை வடிவாக எழுதிப் பிரதி எடுத்து, கோவில் கதவிலும் தமிழ்க் கடையிலும் ஒட்டினாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண், ஊரில் மறதி வந்திருந்த தன் தாயை, நடிக்கிறா என்று ஏசிவிட்டதாகச் சொல்லி அவளிடம் வந்து அழுதாள்.

தொண்ணூற்றெட்டில் சின்யோரா கண்ணை மூடினார். யோசப்பின் ஜெர்மனியில் இருக்கும் தமையனிடம் போக ஆயத்தமானாள். சுஜானிக்கு அப்போது வேறொரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். ரயில் நிலையத்தில் அதைத்தான் அவளிடம் சொன்னேன். இவரை அன்றைக்கு எங்கே விடுவது என்ற யோசனை என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ரயில் பெட்டிக்குள் ஏறி, யன்னலால் குனிந்து சொன்னாள்:

"வருத்தத்தை முதலே சொல்லிப்போட்டு அவையைக் கூப்பிடுங்கோ, அக்கா. அண்டைக்கு அண்ணைக்கு நல்ல சேட்டாப் போட்டு, முன்னறையிலை பெரிய கதிரையிலை இருத்துங்கோ. அவர்தானே தகப்பன்."