கரண்ட் வராத வண்டி

எங்கள் வீட்டில் வண்டி என்றால் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள்தான். தாராவியில் அம்மா சுட்ட முறுக்கை அதன் இரு பக்கமும் டின் டின்னாகக் கட்டிக்கொண்டு, மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் என்று கடை கடையாகப் போட்டுத்தான் அப்பா என்னை வளர்த்தார். என்னைவிட அதற்கு வயது கூட. செல்லமும் கூட என்று சின்ன வயதில் நான் பொருமியதுண்டு.

வண்டியில் பிற கை பட அவர் விட்டதில்லை. மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் ஏறி வண்டி மக்கர் செய்தால், இன்ஜினில் பொறி தெறிக்க வைக்கும் பிளக்கைக் கழற்றி வந்து எங்கள் கேஸ் அடுப்பில் காட்டிச் சுட வைப்பார். உலை கொதிக்கிற நேரத்தில்தான் அவருக்கு அடுப்பு வேண்டும். அம்மா திட்டிக்கொண்டே பானையை இறக்குவாள். பிறகு இன்ஜினின் பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளே பாயிண்ட் என்று சொல்கிற சின்னத் தகட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். பிளக்கை இன்ஜின் மேல் வைத்து என்னைக் கிக்கரை உதைக்கச் சொல்வார். நீலமாக ஒரு பொறி தெறித்தால் போதும், கரண்ட் வந்துவிட்டது என்று அவர் முகம் மலர்ந்துவிடும். எனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

நான் இப்போது செம்பூரில் இருக்கிறேன். ஒரு நாள் அங்கே ஒரு செல்போன் கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டு, போன வாரம் போட்ட முறுக்கின் காலி டின்களைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் முன்பு இருந்த பலசரக்குக் கடை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அம்மாவும் முறுக்கு வியாபாரத்தை என்றோ நிறுத்தியிருந்தாள். நான் போய் டின்னைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னதும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் நகரவில்லை. தாராவிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மெதுவாக என்னிடம் கேட்டார். அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். சாவியை ஒளித்துவைத்தால் அப்பா வீட்டையே புரட்டிப் போட்டார். பூட்டுப் போட்டால் கத்தினார். கடைசியில் அம்மா சந்து முனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அப்பா குளிக்கப் போன சமயம், பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டன்சரை மாற்றச் சொன்னாள். விரல் நுனி அளவுக்கு ஓர் உலோக உருளை, அவ்வளவுதான். அது செத்துவிட்டால் பிளக்கில் பொறி வராது. நல்லதைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு அதே போலிருந்த செத்த ஒன்றை அவர் மாட்டினார். அண்ணாச்சி ரெண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார் என்று எச்சரித்துவிட்டும் போனார்.

அப்பா கண்டுபிடிக்கவே இல்லை.

தினமும் காலையில் வண்டியின் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காருவார். பாயிண்ட்டில் ஆரம்பிப்பார். ஒயரைத் தொட்டுக்கொண்டே கண்டன்சர் வரை விரல் போகும். அதற்குள் யாராவது வணக்கம் சொல்வார்கள், அல்லது டீ வரும். தலையைத் திருப்பினால் விட்ட இடம் மறந்துபோய், மறுபடி உப்புத்தாளை எடுத்துப் பாயிண்ட்டிலிருந்து தொடங்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இதைப் பார்க்கும்போது எனக்கு அம்மா மேல் எரிச்சல் பொங்கும். இதற்கு அவரைக் கட்டியே போட்டிருக்கலாம் என்றுகூட ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிறு, அப்பா உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, கரண்ட் வரமாட்டேங்குது. வண்டில ஒண்ணுமில்ல. என் கைதான் போச்சு."

குரலில் அழுகை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உள்ளே தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்தாள். முறுக்கு அச்சுகள் கிடந்த டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையைத் திறந்தாள்.

"இந்தாங்க. வண்டில இருக்கது செத்தது. நாந்தான் மாத்தி வைக்கச் சொன்னேன். ஒங்க கைல ஒரு குத்தமும் இல்ல."

அடித்தே விடுவார் என்று பயந்தேன். அவர் கண்டன்சரை வாங்கித் துணியில் துடைத்தார். செத்ததைக் கழற்றி நல்லதை மாட்டி ஸ்குரூவை முடுக்கினார். விரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. இரண்டாவது உதைக்கு வண்டி பிடித்துக்கொண்டது. சந்து முழுக்கச் சத்தம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்தினார். மாவு அப்பிய அம்மாவின் கையில் சாவியை வைத்தார்.

"நீயே வச்சுக்க. எனக்கு ரோடு கொழம்புது."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானம் தூங்கி எழுந்ததும், டின் கட்டியாச்சா, சாவி எங்கே என்று கேட்டார். அம்மா அதை எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. அவர் தூங்கும்போதே மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செத்த கண்டன்சரைத் திரும்ப மாட்டியிருந்தாள்.

மறுநாள் காலை அவர் மறுபடி உட்கார்ந்தார். டீ குடித்து முடிக்கும் வரை அம்மா விட்டுவைத்தாள். பிறகு போய்க் கையைத் திறந்து அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவரும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டு, மாட்டி, உதைத்து, சத்தம் கேட்டு, சாவியைக் கொடுத்தார். அதற்கப்புறம் தினமும் இதுதான். மத்தியானத் தூக்கத்தில் கழற்றி மாட்ட அம்மாவே கற்றுக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். செய்த ஒரு தப்பைத் தினமும் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வருமா, தெரியவில்லை. அவளுக்கு வந்தது, ஏனென்றால் தினமும் ஒரு தடவை அவருக்குத் தன் கை திரும்பக் கிடைத்தது.

மழை விட்டபின் ஒரு ஞாயிறு. அம்மா வழக்கம்போலக் கையைத் திறந்தாள். அப்பா குனிந்து பார்த்தார்.

"இது என்னது?"

அவள் காத்திருந்தாள். அவர் எடுக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே சாக்கில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து கண்டன்சரை மாட்டி முடுக்கினாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் உதைத்தேன். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது, அதே பழைய முகம்.

"நல்ல வேலக்காரன் பாத்த வண்டி," என்றார். "சத்தத்துலயே தெரியுது. யாரு கையோ?"

அம்மா சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள்.

"எங்க வீட்டுக்காரரு," என்றாள்.