கெசியாவின் சிவப்புக் கிண்ணம்

லண்டனில், ஸ்ட்ராண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே டிரான்டரின் படக்கடை மாடியில் எட்டுப் பெண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கல்லச்சில் வந்த கேலிப்படங்களுக்கு வண்ணம் தீட்டுவார்கள். ஆளுக்கொரு நிறம்தான். படம் கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். பெக்கிக்கு நீலம். கெசியா டாபினுக்குப் பதினொரு வருஷமாகச் சிவப்பு. எத்தனை மந்திரிகளின் கோட்டு, எத்தனை பிஷப்புகளின் கன்னம் அவள் தூரிகை பட்டுச் சிவந்திருக்கும்!

அன்று காலை ஒரு புதுப் படம் வந்தது. ஏழைகளுக்குக் கொடுத்துவந்த உதவிப் பணத்தை நிறுத்தி, அவர்களை ஏழை விடுதியில் அடைக்கும் புது ஏழைச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கும் படம். வரி கட்டுகிறவன் முதுகில் ஒரு கொழுத்த விதவை சவாரி செய்கிறாள், கையில் ஜின் சாராயப் புட்டி. அவளைக் கீழே இறக்க ஒரு பிரபு நியாயவான் போல வருகிறார். எங்கே எந்த நிறம் என்று காட்டச் சுவரில் தொங்கிய மாதிரிப் படத்தில் விதவையின் மூக்கு, குடிகாரி என்பதற்கு அடையாளமாக, ரத்தச் சிவப்பு.

கெசியாவின் தங்கை டார்கஸும் விதவைதான். போன குளிர்காலத்தில் ஏழை விடுதிக்குப் போனாள். வாசலிலேயே தலைமுடியை ஒட்ட வெட்டி, இரண்டு பிள்ளைகளையும் வேறு கூடத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். கஞ்சித் தண்ணீருக்கே வழியில்லாதவளுக்கு ஜின்னாம்!

கெசியா விதவையின் மூக்கை வெள்ளையாகவே விட்டாள். தூரிகையை நன்றாகத் தோய்த்துப் பிரபுவின் மூக்கில் வைத்தாள். ஒன்றிலா, இரண்டிலா? நாற்பது படங்களில்!

"அடியே, என்னடி பண்ற?" என்று கிசுகிசுத்தாள் பெக்கி.

"குடிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். நீ உன் நீலத்தப் பாரு."

மதியத்துக்குள் படம் கடை ஜன்னலில் ஏறியது. தெருவில் ஒரே கூட்டம், சிரிப்பு. டிரான்டர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"கெசியா! பிரபு மூக்குல சிவப்பு வைக்க எவ சொன்னா?"

"ஏன், அவரு குடிக்கிறதில்லீங்களா ஐயா?"

மேசையைச் சுற்றிக் குபீரென்று சிரிப்பு. டிரான்டரே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சரி, விக்குது. இருந்துட்டுப் போகட்டும். அந்தக் குடிகாரி மூக்கையும் செவப்பாக்கு. அதப் பாத்துச் சிரிக்கத்தான பெரிய மனுஷங்க வாங்குறாங்க."

"குடிகாரியா? என் தங்கச்சி இருக்குற விடுதிக்கு வந்து பாருங்க, எவ கையில புட்டி இருக்குன்னு!"

"வைக்கிறியா, வெளிய போறியா?"

கெசியா தூரிகையைக் கழுவி வைத்தாள். தொப்பி நாடாவைக் கட்டிக்கொண்டாள். பதினொரு வருஷ வேலை!

டிரான்டர் சிவப்புக் கிண்ணத்தைப் பெக்கி முன்னால் தள்ளினார்.

"எனக்கு நீலந்தான் வரும் ஐயா," என்று பெக்கி அதைப் பக்கத்துப் பெண்ணிடம் நகர்த்தினாள். அவள் அடுத்தவளிடம். கிண்ணம் யார் தூரிகையும் படாமல் மேசையைச் சுற்றி வந்து டிரான்டர் முன்னாலேயே நின்றது.

"நீங்களே வச்சுக்குங்க ஐயா," என்றாள் கதவருகே நின்ற கெசியா.