நிற்கக் கூடாத பஸ்

வெள்ளை வீட்டு வளைவு வந்ததும், நாங்கள் ‘ஊர்வலம்’ என்று பெயர் வைத்திருக்கும் டிரைவர் பஸ்ஸை நடை வேகத்தில் உருட்ட ஆரம்பித்துவிடுகிறார், அங்கே தங்கம் கைமாறுகிறது என்று எங்கள் ஊரில் பேச்சு. கட்டியா, பிஸ்கட்டா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. நேரில் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் எடுத்தேன். தங்கம் என்றால் யாருக்குத்தான் ஆராய்ச்சி மனப்பான்மை வராது?

வரைபடத்தில் எங்கள் ஊரைப் பார்த்தால், தையற்காரர் மிச்சத் துணியை எட்ட வீசிவிட்டது போலிருக்கும். முன்னால் கடல். மற்ற மூன்று பக்கமும் பக்கத்து நாடு. சொந்த நாடு அதற்கும் அந்தப் பக்கம். சரித்திரம் சுருக்கமானது: துறைமுகத்துக்கு ஆசைப்பட்டு ஒரு ராஜா எங்களைப் பிடித்தார், கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போன பிறகு எங்களைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். மக்கள்தொகை அதைவிடச் சுருக்கம். பஸ்ஸைப் பிடித்தவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். தவறவிட்டவர்கள் இங்கே இருக்கிறோம்.

அந்த பஸ்ஸைத்தான் ஊர்வலம் ஓட்டுகிறார். கட்டை உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய மீசை. ஸ்டியரிங்கைத் தொடுமுன் உள்ளங்கையை பேன்ட்டில் துடைப்பார், பரீட்சைக்குப் போகும் பையன் மாதிரி. எல்லையில் பஸ் கதவுக்கு அரக்கு முத்திரை வைப்பார்கள். பக்கத்து நாட்டைத் தாண்டும்வரை அது உடையக் கூடாது, பஸ்ஸும் நிற்கக் கூடாது. நின்றால் பெர்மிட் போய்விடும். அதனால் முத்திரைக்கு முன் தினமும் ஒரு சொற்பொழிவு உண்டு.

“போறவங்க எல்லாம் இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் அடுத்த நாட்டுல வந்து ‘அண்ணே, அவசரம்’னு நெளிஞ்சா நான் பொறுப்பில்ல. வெளியுறவுத் துறையத்தான் கேக்கணும்!”

முன் இருக்கையில் துப்பாக்கியோடு பக்கத்து நாட்டுக் காவலர் ஒருவர் ஏறிக்கொள்வார். பஸ் நிற்காமல் பார்த்துக்கொள்வதே அவர் உத்தியோகம். போய் வந்து போய் வந்து எங்கள் வீட்டு மருமகன் மாதிரி ஆகிவிட்டார். சிரிக்க மட்டும் மாட்டார்.

வளைவு வந்தது. பஸ் நடக்க ஆரம்பித்தது. பயணிகள் மொத்தமும் டிரைவர் பக்கம் சாய்ந்தார்கள். கட்டியும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. வெள்ளை வீட்டு வாசலில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

ஊர்வலத்தின் மகள். பக்கத்து நாட்டில் வாக்கப்பட்டவள். குழந்தை பிறந்தது அங்கே, தாய் பிறந்தது இங்கே. அது யார் வீட்டுப் பிள்ளை என்று இரண்டு நாட்டு அலுவலகங்களும் இன்னும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. எந்த மக்கள்தொகையிலும் சேராத அந்தப் பொடிசு எல்லை தாண்ட முடியாது. தாத்தாவுக்கோ தாண்டிப் போக மட்டும்தான் அனுமதி, இறங்க இல்லை. வளைவில் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியாது. ஆகவே, அவருக்காக பஸ்ஸே பார்க்கிறது.

“மாமா, மேல் பல்லு வந்தாச்சு!” என்றார் கண்டக்டர்.

“அப்படியே உங்க ஜாடைண்ணே,” என்றார் ஓர் அம்மாள்.

“என் ஜாடையா? ஐயோ பாவம், பொம்பளப் புள்ளையாச்சே!”

“போட்டோல பாத்தா போதாதா?” என்று கேட்டுவைத்தேன்.

“நான் போட்டோவப் பாப்பேன் சார். போட்டோ என்னைப் பாக்குமா?”

அடுத்த முறை நான் ஏறியபோது சொற்பொழிவு இல்லை. குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது என்று மகள் போன் செய்திருந்தாளாம். ஊர்வலம் ஓயாமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நின்னுடாதீங்க மாமா,” என்று கண்டக்டர் காதோரம் குனிந்தார். “பெர்மிட் போச்சுன்னா அந்த வளைவும் போச்சு.”

“தெரியும்டா. வாய மூடிட்டு வா.”

வாசலில் மகள் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். பஸ் உருண்டது. குழந்தை ஆடியது, ஒரு காலைத் தூக்கியது, வைக்கவில்லை. தூக்கியபடியே யோசித்தது, அரசாங்க அலுவலகம் மாதிரி. வளைவு முடியப்போகிறது. ஊர்வலத்தின் கால் பிரேக்கின் மேல் போய், மிதிக்காமல் திரும்பி வந்தது.

“நிறுத்துங்க!” என்றார் காவலர்.

“எதுக்கு சார்?”

“கண்ணு தெரியலையா? ஆடு போகுது. ரோட்ல கால்நடை வந்தா நிக்கலாம். விதி இருக்கு.”

சாலை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. முதலில் சுதாரித்தவர் கண்டக்டர்தான். “அடேயப்பா, எவ்ளோ ஆடு!”

“பின்னால குட்டியெல்லாம் வருது பாருங்க,” என்றார் அந்த அம்மாள். நானும் எழுந்து நின்று ஒரு கிடாவைக் கண்டேன்.

பஸ் நின்றது. கதவு மூடியே இருந்தது, முத்திரை உடையவில்லை. ஊர்வலம் ஜன்னலில் தலையை நீட்டினார். தூக்கிய கால் தரைக்கு வந்தது, பின்னாலேயே மற்றதும். தள்ளாடித் தள்ளாடி வந்து அம்மா கையில் விழுந்தது குழந்தை. அவள் அள்ளிக்கொண்டு ஓடி வந்து ஜன்னலுக்கு உயர்த்த, பொடிசு நேராக மீசையைப் பிடித்தது.

“விடு கழுதை, வலிக்குது,” என்றார் ஊர்வலம். விடுவிக்க முயற்சி எதுவும் செய்யவில்லை.

“ஆடு போயிடுச்சு. எடுங்க,” என்றார் காவலர். கொஞ்ச தூரம் போனதும், முகத்தைத் திருப்பாமலே, “அண்ணே, எனக்கு ஒரு மந்தை பாக்கி.”

“இல்லாத ஆட்டை எப்படித் தம்பி திருப்பிக் குடுக்கறது?”

“அது உங்க பாடு.”

பாக்கி இன்றுவரை தீரவில்லை. அன்று ஊர்வலம் ஈ காக்கை இல்லாத நேர்ச் சாலையில் ஹாரனை நீளமாக அடித்தார். வண்டியைச் சற்று ஒடித்து, பின்தங்கிவிட்ட ஏதோ ஒரு குட்டிக்கு வழிவிட்டார்.