உலைக்குப் போன கயிறு

யோர்டான்காவுக்கு மார்ச் மாதம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. முதல் தேதி மகள் ரலிட்சா அவள் கையில் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிவிட்டாள். அவர்கள் ஊர் வழக்கப்படி அது நல்லது நடக்கக் கட்டும் காப்பு; வசந்தத்தின் முதல் நாரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். மாதம் முடியப் போகிறது, பாழாய்ப்போன நாரை டான்யூப் ஆற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரலிட்சாவுக்கு இரண்டு முறை கரு கலைந்து, இப்போது மூன்றாவது. "நடுவுல அவுத்துடாதம்மா" என்று சொல்லியிருந்தாள்.

அணுமின் நிலையத்துக் கழிவுக் கூடத்தில் யோர்டான்காவுக்கு வேலை. கதிரியக்கம் பட்ட கையுறை, உடுப்பு, வடிகட்டி எல்லாவற்றையும் பிரித்து டிரம்மில் அடைத்து, பிளாஸ்மா டார்ச் எரியும் உலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஐயாயிரம் டிகிரிக்கு மேல் சூடு. கூடத்துக்குள் போகிறவர் கையில் ஒரு நூல்கூட இருக்கக்கூடாது. ஆறு வருஷமாக இந்த விதியை ஊருக்கெல்லாம் ஒப்பித்த மகராசிதான் கயிற்றைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு போனாள்.

மாதக் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து வெளியேறும் வழியில் சோதனைக் கூண்டில் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கழுவிவிட்டு வந்தாள், மறுபடியும் சிவப்பு. கதிரளவு பார்க்கும் ஊழியன் ஸ்வெட்லின் தன் கருவியைக் கயிற்றருகே கொண்டுபோனதும் அது கத்தியது.

"என்னக்கா இது, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பொண்ணு கட்டினதுடா. நாரை இன்னும் வரலியே."

"என் காலப் பாருங்க, நாரைக் கால் மாதிரிதானே இருக்கு? பாத்தாச்சுன்னு அவுத்துடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளிய எடுத்துட்டுப் போக வழியே இல்லியா?"

"இருந்தா உங்களுக்குத் தெரியாதா?"

அவளே அவிழ்த்துக் கழிவுப் பையில் போட்டாள். தோலில் ஒன்றும் ஒட்டவில்லை என்று இரண்டு முறை சோதித்துச் சொன்னான் ஸ்வெட்லின். அது அவள் காதில் ஏறவே இல்லை.

மறுநாள் அந்தப் பை இருந்த டிரம் அவளிடமே வந்தது. உலைக்கு அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா?" என்றது ஒலிபெருக்கி.

அழுத்தினாள்.

மதியம் மகளுக்குப் போன் செய்தாள். நாரையைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் பொய் வரவில்லை, நடந்ததை அப்படியே கொட்டிவிட்டாள். போச்சு, பிள்ளை உடைந்துபோய்விடுவாள் என்று பதறினாள்.

"உன் கைக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?" என்றாள் ரலிட்சா. "மறைக்காம சொல்லு."

தன் கையைப் பற்றி யாராவது கவலைப்படுவார்கள் என்றே யோர்டான்காவுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.