கை கட்டி இருந்த மனிதர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டத்துக் கிணறு, கல்வீடு, அரைக்கிற மில் எல்லாம் என்ரை கையால் உண்டானவை. பழுதான எதையும் திருத்திப்போடுவேன். வீட்டிலிருந்த பழைய கம்பியூட்டருக்குள் வைரஸ் புகுந்து, கனடாவிலுள்ள மகளோடு கதைக்க முடியாமல் போனபோது மட்டும், நான் இரண்டு அடி போட்டும் அது மசியவில்லை. மனைவி அச்சுவேலியிலிருந்து கம்பியூட்டர் திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டாள்.

மெலிந்த மனிதர், என் வயதுதான் இருக்கும். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட்டு. மவுஸை நாலைந்து தரம் அமத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன, சும்மா இருக்கிறியள்?" என்றேன்.

"வைரஸைத் தேடிப் பிடிக்கிற வேலையை அது செய்யுது, அண்ணை. அதைக் குழப்பாமல் இருக்கிறதுதான் என்ரை வேலை."

மனைவி பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டாள். நான் கிணறு வெட்டியபோது எட்டியும் பார்க்காதவள்! அவருக்குப் பனங்காய்ப் பணியாரம் வேறு. பின்னேரம் மகளின் முகம் திரையில் வந்ததும், "எவ்வளவு பொறுமையான மனிசன் தெரியுமே!" என்று மனைவிக்கு அவரைப் பற்றித்தான் முதல் கதை.

போன கிழமை தண்ணிப் பம்பைத் திருத்தி ஓடவிட்டு, நானும் அவரைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் இருந்தேன். மனைவி ஓடிவந்தாள்.

"என்னப்பா, நெஞ்சு நோகுதோ?"

அதே கைகட்டல்தான். அந்த மனிதருக்கு மட்டும் அது எப்படிப் பொருந்தியதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.